வண்டி யார் பேரில்? பான் கார்டு யாருடையது?



மார்க்கையன்கோட்டை குழுக் கூட்டம் முடிந்ததும் ஒரு உறுப்பினர் வாடகைச் சீட்டை நீட்டினார். "வாழைத்தார் ஏத்திப்போன வாடகையில நூத்துக்கு இருபது ரூபா பிடிச்சிட்டாங்க மேடம், ஏன்?"

மினி லாரியின் ஆர்.சி. புத்தகமும் லோனும் அவர் பேரில்தான். ஆனால் பான் எண் கொடுக்கவில்லை. அதனால்தான் 20 சதவீதம் பிடித்தம். "எனக்குப் பத்து வண்டிக்கு மேல் இல்லை" என்று எழுதி, பான் எண்ணோடு கொடுத்திருந்தால் ஒரு பைசா பிடிக்கமாட்டார்கள். வீட்டுக்காரர் பான் செல்லாது. வண்டிக்கு உரியவர் பான்தான் வேண்டும்.

வரிக் கணக்குக்கு டீசல், டயர் பில் சேர்க்கவேண்டியதில்லை. சரக்கோடு மொத்த எடை 12,000 கிலோவுக்கு மேல் போகாத வண்டி என்றால், குறைந்தது மாதம் 7,500 ரூபாய் வருமானமாகக் காட்டலாம். வருடத்துக்கு 90,000. வண்டி ஷெட்டில் நின்ற மாதமும் சேரும் (நமக்கே இது நியாயமாகப் படவில்லை!). பெரிய லாரிக்கு மாதம் டன்னுக்கு 1,000 ரூபாய். லோன் வட்டியைத் தனியாகக் கழிக்கமுடியாது. சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கு இந்தக் கணக்கு கிடையாது.

வேறு வருமானம் இல்லையென்றால் 90,000 ரூபாய்க்கு வரியே இல்லை. ஆனாலும் பிடித்த பணம் சும்மா திரும்பி வராது. முதலில் பான் எண்ணைக் கொடுத்து, பிடித்த கம்பெனியையே திருத்தச் சொல்லணும். பிறகு 'சுகம்' என்ற படிவத்தில் கணக்குத் தாக்கல் செய்யணும்.

வண்டி வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு ஆர்.சி., பான் கார்டு, உங்கள் பேரிலுள்ள பாஸ்புக் மூன்றையும் எடுத்து வாங்க.