குழந்தைக்கு என்ன பெயர்?

2024-ஆம் ஆண்டு தைத் திங்களில் எங்கள் இல்லத்தில் ஒரு பேர்த்தி பிறந்தாள். மூன்றாம் நாள் மருத்துவமனைப் பணியாளர் ஒருவர் படிவம் ஒன்றை நீட்டி, குழந்தையின் பெயர் யாது என வினவினார். என் மகன் பேனாவைக் கையில் எடுத்தான். சிறிது நேரம் தாளையே நோக்கியிருந்தான். பின்னர்ப் பெயருக்குரிய கட்டத்தை வெறுமையாகவே விட்டுக் கையெழுத்திட்டான். அவன் ஏன் அவ்வாறு செய்தான் என்பதை அங்கிருந்தோருள் நான் ஒருவனே அறிவேன். அதற்குக் காரணமும் நானே.

நான் பணியின் பொருட்டுக் கல்கத்தாவுக்கு வந்தது 1986-இல். நம்மவர் பலர் வாழும் லேக் மார்க்கெட் பக்கத்தில் குடியிருந்தோம். 1991-இல் மகன் பிறந்தான். ஊரிலிருந்து என் தந்தையார் கடிதம் எழுதியிருந்தார். தம் பெயரை இடுமாறு அவர் கேட்கவில்லை; ஆயினும் எதிர்பார்த்தார் என்பது கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. பாட்டன் பெயரைத் தாங்குவதால் அன்றோ பெயரன் என்றும், அதுவே மருவிப் பேரன் என்றும் நாம் வழங்குகிறோம்! எனக்கோ அந்நாளில் தமிழ்ப் பித்து தலைக்கேறியிருந்தது. தமிழ்நாட்டை விட்டு நீங்கியவர்க்கு அது சற்று மிகுதியாகவே ஏறும் போலும். ஒரு வாரம் சிந்தித்து, ‘எழிலன்’ என்று பெயரிட்டேன். மறுமடலில் என் தந்தையார், “பெயர் நன்றாயிருக்கிறது; அங்குள்ளோர் வாயில் நுழையுமா?” என்று மட்டும் வினவியிருந்தார்.

நுழையவில்லை. பள்ளியில் சேர்ந்த முதல் நாள் அவன் ‘இஜிலான்’ ஆனான். இரண்டாம் வகுப்பில் ‘எசிலன்’ ஆனான். மூன்றாம் வகுப்பில் உடன் பயின்ற சிறுவர்கள் அதனைச் சுருக்கி ‘ஏஞ்சல்’ என்று அழைத்துக் கைகொட்டிச் சிரித்தனர். ஒருநாள் மாலை அவன் புத்தகப் பையைக் கூடக் கழற்றாமல் என் முன் வந்து நின்று, “அப்பா, எனக்கு வேறு பெயர் வையுங்கள். ராகுல் என்று வையுங்கள்” என்றான். நான் அவனுக்கு எழில் என்னும் சொல்லின் அருமையை எடுத்துரைத்தேன். எட்டு வயதுச் சிறுவனுக்கு அஃது என்ன ஆறுதல் தரும்? அவன் கேட்டுக்கொண்டிருந்தான், பின்னர் முகம் கழுவச் சென்றான். அதன்பின் அதைப் பற்றி அவன் பேசியதே இல்லை.

துன்பம் அத்துடன் நிற்கவில்லை. பிறப்புச் சான்றிதழில் ழகரத்திற்கு ஆங்கில ‘எல்’ எழுத்தை இட்டிருந்தேன். பள்ளியில் சேர்த்தபோது ‘இசட்-எச்’ இட்டேன். இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க, அவன் பாஸ்போர்ட் பெறும் வேளையில் பிரமாணப் பத்திரமும் நாளிதழ் விளம்பரமும் தேவைப்பட்டன. பிழை என்னுடையது, அலைந்தவன் அவன்.

இப்போது பெயரிடும் முறை அவனுடையதாயிற்று.

மருமகளின் விருப்பம் ‘பூங்குழலி’. அவள் பள்ளி நாட்களிலேயே பொன்னியின் செல்வனை மும்முறை படித்தவள். மனைவியின் விருப்பம் தன் தாயார் பெயராகிய ‘மீனாட்சி’. மகன் விரும்பியதோ எந்நாட்டார்க்கும் எளிதாய் வரும் ஈரெழுத்துப் பெயர். ‘மாயா’ என்றான், ‘ரியா’ என்றான். “மாமா, நீங்கள் சொல்லுங்கள்” என்று மருமகள் என் பக்கம் திரும்பினாள். ஒருமுறை சொல்லிப் பட்டவன் ஆதலால் நான் வாய் திறக்கவில்லை.

இலக்கியப் பெயர் இடும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இவ்வங்காளத்தில் அதனை ஒரு கலையாகவே போற்றுகின்றனர். 1933-இல் சாந்திநிகேதனத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு இரவீந்திரநாத் தாகூர் ‘அமர்த்திய’ என்று பெயர் சூட்டினார். இறவாதவன் என்பது பொருள். அக்குழந்தையே பொருளியலறிஞர் அமர்த்திய சென். 1938-இல் பிறந்த எழுத்தாளர் நவநீதா தேவ் சென்னுக்கும் பெயரளித்தவர் தாகூரே. இவ்வளவு அருமையான பெயர்களைச் சூட்டிவிட்டு, வீட்டில் அவற்றைப் பயன்படுத்தாமல் ‘கோகா’ என்றும் ‘குக்கு’ என்றும் அழைப்பது இவர்கள் இயல்பு. ஏட்டில் எழுதுவது நல்ல பெயர். வாயால் அழைப்பது அழைபெயர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பழகியும் என் அண்டை வீட்டார் சிலருடைய நல்ல பெயரை அவர்தம் திருமண அழைப்பிதழ் கண்டே நான் அறிந்தேன்.

நம் முன்னோர் பெயர் சூட்டிய முறையும் எண்ணத்தக்கது. சிலப்பதிகாரத்தில் மாதவிக்கு மகள் பிறந்தபோது, தன் முன்னோன் ஒருவனை நடுக்கடலில் காத்த தெய்வத்தின் பெயரை அவளுக்கு இடுமாறு கோவலன் கூறினான். அப்பெயரே மணிமேகலை. குடும்பத்தின் நன்றியுணர்வு ஒரு பெண்ணின் பெயராயிற்று. சங்கப் புலவர் சிலர் நிலை இதற்கு நேர்மாறானது. இயற்பெயர் மறைந்து, பாடிய உவமையே பெயராய் நின்றது. செம்புலப்பெயனீரார், அணிலாடுமுன்றிலார், ஓரேருழவனார் எனக் குறுந்தொகையில் இத்தகையோர் பலர் உளர். குப்பைக்கோழியார் என்றும் ஒருவர் உளர். அப்பெயரை எவர்க்கும் பரிந்துரையேன்.

அண்மைக் காலத்தில் இவ்வழக்கம் பெருகியதற்கு 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் ஒரு காரணம். வேதாசலம் என்னும் பெயரினர் மறைமலை அடிகள் ஆனார். பின்னர்த் திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். தலைவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர்களைத் தொண்டர்கள் தம் மக்களுக்கு இட்டனர். மறுபுறம் வார இதழ்கள் பெயர்களை வாரி வழங்கின. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் பொன்னியின் செல்வன் வெளிவந்தபின் குந்தவையும் வானதியும் அருள்மொழியும் வீடுதோறும் பிறந்தனர். நா. பார்த்தசாரதியின் குறிஞ்சி மலர் வந்தபோது அரவிந்தன்களும் பூரணிகளும் தோன்றினர். 2022-இலும் 2023-இலும் பொன்னியின் செல்வன் திரைப்படமாக வந்தபின் அப்பழைய பெயர்கள் மீண்டும் இளையோர் நாவில் புழங்கலாயின.

ஆயினும் கதையை முழுதும் அறிந்தபின் பெயரிடுதல் நன்று. நந்தினி என்னும் பெயரைக் கல்கியின் நாவலிலிருந்தே எடுத்ததாகப் பெருமையுடன் கூறிய ஒருவரை அறிவேன். அவர் முதற்பாகம் மட்டுமே படித்திருந்தார். பாரி மகளிர்க்குப் பிற்கால மரபு வழங்கிய அங்கவை, சங்கவை என்னும் பெயர்களை 2007-இல் வந்த ஒரு திரைப்படம் நகைப்புக்குரியனவாக்கிற்று. அவ்வாண்டில் அப்பெயர்களுடன் பள்ளியில் பயின்ற சிறுமியர் பட்டிருக்கக்கூடிய பாட்டை எண்ணும்போது எனக்கு அந்த ‘ஏஞ்சல்’ நினைவே வருகிறது.

வெளியூர்த் தமிழர்க்கு இவற்றினும் பெரிய இடையூறு எழுத்துகளால் வருவது. வங்காளத்தில் வகரம் பகரமாகும். இரவீந்திரர் இங்கே ‘ரொபீந்திரர்’. மொழிமுதல் யகரம் ஜகரமாகும். யமுனை இங்கே ‘ஜமுனா’. அகரம் பல இடங்களில் ஒகரமாய்க் குவியும். இகரத்தின் குறிலும் நெடிலும் ஒலியில் வேறுபடா. எனவே நாம் ‘நிலா’ என்று பெயரிட்டால் இவர்கள் நீலக்கல்லை எண்ணுவர். ‘வானதி’ இங்கே ‘பானதி’. ‘யாழினி’யோ முதலெழுத்திலும் இடறி அடுத்த எழுத்திலும் இடறும். ‘மீனாட்சி’ என்பது நாடறிந்த பெயர். அதனை ‘மீனாக்ஷி’ என்று எழுதினாலும் இங்கே ‘மினாக்கி’ என்பர். இதனைக் கேட்டபோது என் மனைவியின் முகம் வாடிற்று.

தில்லியிலும் மும்பையிலும் வாழ்வோர் நிலையும் பெரிதும் வேறன்று. மராத்தியில் ளகரமேனும் உண்டு. இந்தியில் அதுவும் இல்லை. எகர ஒகரக் குறில்களுக்குத் தனி எழுத்தும் இல்லை. கனிமொழி என்னும் பெயரை இந்திச் செய்தித்தாள்கள் ‘கனிமோஜி’ என்றும் ‘கனிமோயி’ என்றும் எழுதக் காண்கிறோம். நாகரியில் ழகரத்திற்கெனப் புள்ளியிட்ட எழுத்தொன்று உண்டு; வழக்கில் அதனைக் காண்பது அரிது. கேரளத்தில் வாழும் நம்மவர் மட்டும் இவ்வகையில் நற்பேறு பெற்றவர். ஆங்கில எழுத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. நாம் தகரத்தை ‘டி-எச்’ என்று எழுதுவோம். வடவர் அதனை மூச்சழுத்தித் ‘த்ஹ’ என்று படிப்பர். ‘டி’ மட்டும் எழுதினால் நம்மூரில் டகரமாகப் படிப்பர்.

சட்டம் கூறுவதையும் அறிந்துகொள்ளல் வேண்டும். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும், பெயரின்றியும் பதியலாம். பதிந்த நாள் முதல் 12 திங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். முன்னாளில் இச்சான்றிதழில் பிழை நேர்ந்தாலும் பள்ளிச் சான்றிதழைக் காட்டி ஒருவாறு காலங்கடத்தலாம். 2023-இல் திருத்தப்பெற்ற சட்டம் அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் முதலியவற்றிற்குப் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றிதழே. ஆகவே ஆங்கிலத்தில் எவ்வெழுத்துகளை இடுவது என்பதை வீட்டில் அனைவரும் கூடி, ஒரு தாளில் எழுதிப் பார்த்து, முதற்கண்ணே முடிவு செய்தல் நன்று. தந்தை ஒருவிதமும் தாய்மாமன் ஒருவிதமும் எழுதியதனால் நேரும் அலைச்சலை நான் அறிவேன்.

எங்கள் இல்லத்திலோ திங்கள்கள் கழிந்தன, குழந்தை தவழலானாள், பெயர் அமையவில்லை. அண்டை வீட்டு மாஷிமா அவளைக் ‘குக்கு’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டார். அவள் அதற்குத் திரும்பியும் பார்த்தாள். மருமகள் அஞ்சினாள், இன்னும் சில திங்கள் சென்றால் அதுவே நிலைத்துவிடும் என்றாள்.

ஓர் ஞாயிறு மாலை மருமகள் பூங்குழலியைப் பற்றி மீண்டும் பேச்செடுத்தாள். மகன் அதுவரை அமைதியாய் இருந்தவன், “அந்த எழுத்து வேண்டாம். அதோடு நான் பள்ளிக்குப் போயிருக்கிறேன், நீ போனதில்லை” என்றான். அவன் குரல் உயரவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் புத்தகப் பையுடன் நின்ற சிறுவனே பேசியது போல் எனக்குத் தோன்றிற்று. “அப்போது நான் உன் பெயரை மாற்றியிருக்க வேண்டும்” என்றேன். “மாற்றியிருக்க வேண்டாம், அப்பா. ஒருமுறை பள்ளிக்கு வந்து, எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்” என்றான். அவ்வழி எனக்கு அன்று தோன்றவே இல்லை.

பின்னர் மருமகளே வேறொரு பெயரைக் கண்டாள். மணிமேகலை அமுதசுரபியை ஏந்தி நின்றபோது அதில் முதற்பிச்சை இட்டவள் ஆதிரை. கணவன் கடலில் மாண்டான் என்ற பொய்ச்செய்தி கேட்டுத் தீப்புகத் துணிந்து, தீயும் சுடாதிருக்க மீண்டவள். அப்பெயரில் ழகரம் இல்லை, வகரமும் இல்லை, யகரம் முதலில் இல்லை. மாஷிமாவிடம் சொல்லச் செய்து பார்த்தோம். “ஆதிராய்” என்றார். பழுதில்லை. மனைவியோ, “திருவாதிரை ஆண்டவன் நட்சத்திரம், களி கிண்டும் நாள்” என்று தன் வழியில் இசைந்தாள். எனினும் தொட்டிலருகே அவள் ‘மீனாட்சி’ என்று அழைப்பதை இன்றுவரை விட்டாளில்லை. வங்காளத்தார் முறைப்படி அதுவே அழைபெயராய் இருக்கட்டும் என்று விட்டோம். ஆங்கிலத்தில் தகரத்திற்கு ‘டி-எச்’ இடுவதா, ‘டி’ மட்டும் இடுவதா என்று மட்டும் இரண்டு நாள் விவாதம் நிகழ்ந்தது. இறுதியில் இரண்டையும் விலக்கி, வடவர் தகரத்தின் மெல்லொலிக்கு எழுதும் ‘டீ’ எழுத்தையே இட முடிவு செய்தோம்.

பதினோராம் திங்களில் மகனும் நானும் மாநகராட்சி அலுவலகத்திற்குச் சென்றோம். அங்கிருந்த இளைஞர் பெயரைக் கணிப்பொறியில் பதிந்துவிட்டு, “டைட்டில்?” என்று வினவினார். குடிப்பெயரை இங்கே அவ்வாறு கேட்பர். நமக்கு ஏது குடிப்பெயர்? தந்தை பெயரையே கூற வேண்டும். மகன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பின்னர் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான்: ‘ஈ, இசட், எச்…’

இளைஞர் திரையை நோக்கி, “ஆதிராய் இஜிலான்” என்று படித்தார்.

“எழிலன்” என்றான் மகன்.

இளைஞர் தலை நிமிர்ந்தார். “இன்னொரு முறை சொல்லுங்கள்” என்றார். மகன் நாவை மடித்துக் காட்டி, மெதுவாக மீண்டும் சொன்னான்.