விடுதலையானால் பொய் வழக்கா? ஒரு புள்ளிவிவரத்தை வாசிக்கும் முறை

“வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் நூற்றுக்கு எழுபது பொய்யானவை, இது அரசின் கணக்கு.” இத்தகைய செய்தியைக் கைப்பேசியில் காட்டி, இது உண்மையா என்று சட்ட வகுப்புகளில் மாணவர்கள் கேட்கின்றனர். பொய் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் நம் சொல்லை நம்பி அதை மறுக்கும் மாணவர், நாளை இன்னொருவர் சொல்லை நம்பி அதையே ஏற்கவும் கூடும். எனவே விடையைவிட, சோதிக்கும் முறையையே நாம் கற்பிக்க வேண்டும். அதற்கு நான்கு கேள்விகள் போதும்.

முதலாவது, இந்த எண் எங்கிருந்து வந்தது? சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் 2015ஆம் ஆண்டின் கணக்கு ஒன்று உள்ளது. முடிவுற்ற 15,638 வழக்குகளில் 11,024 விடுதலையிலோ விடுவிப்பிலோ முடிந்தன. 495 திரும்பப் பெறப்பட்டன. 4,119 வழக்குகளில் தண்டனை கிடைத்தது. ஆக, எழுபது விழுக்காடு என்பது கற்பனையன்று.

இரண்டாவது, அந்த எண்ணுக்கு இட்ட பெயர் சரியா? மூல ஆவணம் ‘விடுதலை’ என்கிறது. செய்தியோ ‘பொய்’ என்கிறது. மோசடி இந்த ஒற்றைச் சொல்லில்தான் இருக்கிறது. குற்றம் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே விடுதலையின் பொருள். குறைபாடுள்ள புலனாய்வு, ஆண்டுக்கணக்கான தாமதம், குற்றஞ்சாட்டப்பட்டவரின் நிலத்திலேயே கூலி வேலை செய்யும் சாட்சி பிறழ்வது என அதற்குக் காரணங்கள் பல. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. அதனால் அந்த 44 மரணங்களும் பொய்யாகிவிடுமா?

மூன்றாவது, வகைப்படுத்தியவர் யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் ‘பொய்’ என்று ஒரு தலைப்பு உண்டு. ‘உண்மை, ஆனால் போதிய சான்று இல்லை’ என்று வேறொரு தலைப்பும் உண்டு. இரண்டும் காவல்துறையின் இறுதி அறிக்கைகளிலிருந்து தொகுக்கப்படுபவை. நீதிமன்றத்தின் முடிவுகள் அல்ல. புகாரைப் பதிவு செய்யவே மறுத்திருந்தால், அது எந்தக் கணக்கிலும் வராது.

நான்காவது, மேற்கோள் காட்டப்படும் ஆவணம் இன்றும் செல்லுமா? முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை, கைதுக்கு முன் ஒப்புதல் என்று 2018 தீர்ப்பு கட்டுப்பாடுகளை விதித்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அவற்றைத் தேவையற்றவையாக்கியது. 2019 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுஆய்வில் அந்த வழிகாட்டுதல்களைத் திரும்பப் பெற்றது. 18ஏ பிரிவு செல்லும் என்று 2020 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பை மட்டும் காட்டுபவர் பாதிக் கதையையே சொல்கிறார்.

இதே கேள்விகளை நமக்கு உவப்பான செய்திகளிடமும் கேட்க வேண்டும். அம்பேத்கர் சொன்னதாகப் பரவும் ஒரு வரியைப் பகிருமுன், அது அவருடைய தொகுப்பு நூல்களில் எந்தத் தொகுதியில் உள்ளது என்று பார்க்க வேண்டும். ஏதோ ஓர் ஊரின் பழைய படத்தை நேற்றைய வன்கொடுமையாகப் பரப்பினால், நேற்று உண்மையாகவே தாக்கப்பட்டவரின் புகாரும் ஐயத்திற்கு உள்ளாகும். நம் தரப்பின் ஒரு பிழை, எதிர்த்தரப்புக்கு நூறு வாதங்களைத் தரும்.

இது தேர்வுக்குப் படிக்கும் பாடம் மட்டுமன்று. ‘எழுபது பொய்’ என்று நம்பும் ஓர் ஆய்வாளர், தம் முன் நிற்கும் பெண்ணின் புகாரைப் படிக்குமுன்னரே முடிவு செய்துவிடுகிறார். அப்போது அவளுடன் காவல் நிலையத்துக்குச் செல்லும் மாணவரிடம் 18ஏ பிரிவின் நகலும், விடுதலைக்கும் பொய்க்கும் உள்ள வேறுபாட்டை அமைதியாக விளக்கும் தெளிவும் இருக்க வேண்டும்.