சூட்டைத் திறந்து மூடும் சின்ன வால்வு

1962-இல் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து எம்ஜிபி கார் வெளிவந்தபோது, ஹீட்டர் வேண்டும் என்றவர்கள் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அந்தச் சூட்டுக்காக எஞ்சின் கூடுதலாக பெட்ரோல் குடிப்பதில்லை. எரிகிற பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் நீரில் வெப்பமாக இறங்கி, ரேடியேட்டர் வழியே காற்றில் கரைந்துபோகிறது. அந்த நீரில் கொஞ்சத்தை டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஒரு சிறிய ரேடியேட்டருக்குத் திருப்பிவிட்டு, அதன் ஊடே காற்றை ஊதினால் அதுதான் ஹீட்டர். எவ்வளவு நீரைத் திருப்புவது என்பதைத் தீர்மானிப்பது ஹீட்டர் வால்வு.

எம்ஜிபியில் இந்த வால்வு சிலிண்டர் ஹெட்டின் பின்கோடியில் பொருத்தப்பட்டிருக்கும். டேஷ்போர்டிலுள்ள குமிழைத் திருப்பினால் ஒரு கேபிள் வால்வின் லிவரை இழுக்கும். நம் அம்பாசடரில் பல்லாண்டு ஓடிய 1489 சிசி எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் ஒரே பி-சீரிஸ் குடும்பத்தில் பிறந்தவை. அம்பாசடரின் பானெட்டைத் திறந்து பழகியவர்களுக்கு இந்த வால்வின் இருப்பிடம் சட்டென்று பிடிபடும்.

குளிரைப் போக்குவது மட்டுமே ஹீட்டரின் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. முன்கண்ணாடியில் படியும் மூட்டத்தை அகற்றுவது அதைவிட முக்கியம். 5 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 7 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம் வரை தாங்கும். வெளியிலிருந்து வரும் குளிர்ந்த, ஈரமான காற்றைச் சூடாக்கினாலே போதும், அது தாகமெடுத்த காற்றாகிக் கண்ணாடியின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவருக்கு இது பாதுகாப்பு விஷயம்.

பழைய கார்களில் இந்தச் சூட்டை நிதானமாக வைப்பது சிரமம். குமிழைக் கொஞ்சம் திருப்பினாலே கால் சுடும். அதற்கு மேல் முழுக்கத் திருப்பினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. வால்வு லேசாகத் திறந்திருக்கும்போது நீர் மெதுவாக ஊர்ந்து, தன் வெப்பம் அனைத்தையும் கிட்டத்தட்ட இறக்கிவிட்டே போகிறது. பிறகு நீரின் அளவை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாகக் கிடைக்கும் சூடு கொஞ்சம்தான். 1974 முதல் 1993 வரை தயாரான வோல்வோ 240 வரிசையின் பல வண்டிகளில் இதற்கு அழகான தீர்வு இருந்தது. வால்விலிருந்து ஒரு மெல்லிய செம்புக் குழாய் ஹீட்டர் பெட்டிக்குள் நீண்டு, அங்குள்ள காற்றின் சூட்டை உணர்ந்து, வால்வைத் தானே குறுக்கும். பின்னாளில் வந்த பெரும்பாலான கார்களில் சுடுநீர் எப்போதும் ஓடிக்கொண்டேயிருக்க, ஒரு கதவு சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலந்து தருகிறது.

இந்த வால்வு பெரும்பாலும் உழைத்துத் தேய்வதில்லை. அசையாமல் கிடந்தே கெடுகிறது. மாதக்கணக்கில் மூடியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் இறுகிப்போகும். துருவும் கசடும் தண்டில் படியும். பிறகு ஒருநாள் அவசரமாகக் குமிழைத் திருப்பினால் தண்டு உடையும், அல்லது அதன் ஓரமாக நீர் கசியும். ஆகவே கோடைக்காலத்திலும் மாதம் ஒருமுறையாவது குமிழை முழுக்கத் திறந்து மூட வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டு, துருவைத் தடுக்கும் கூலன்ட் ஊற்றி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது இன்னும் நல்லது. நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் வால்வு கசிந்தால் இரண்டு ஹோஸையும் நேராக இணைத்து ஹீட்டரையே ஒதுக்கிவிடும் பழக்கம் உண்டு. வழியில் நின்றுபோன வண்டிக்கு அது சரி. நிரந்தரமாக அப்படியே விட்டால், உள்ளே தேங்கிய நீர் அந்தச் சிறிய ரேடியேட்டரை அரித்துவிடும். வால்வின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரும் நஷ்டம்.

மாற்றுவதற்கு முன் பழுது வால்வில்தானா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடானதும், குமிழை மூடிவைத்து ஹீட்டருக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கொதித்தால் வால்வு மூடவில்லை. முழுக்கத் திறந்தும் திரும்பும் ஹோஸ் குளிர்ந்திருந்தால் எங்கோ அடைப்பு. அதற்கும் முன்னால் ஒருவரைக் குமிழைத் திருப்பச் சொல்லி லிவரைக் கவனியுங்கள். கேபிளின் முனை கிளிப்பிலிருந்து நழுவியிருந்தால், புது வால்வு வாங்கியும் பயனில்லை.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் நீர் கொதித்துச் சீறும். ஹெட்டின் மட்டத்துக்குக் கீழே இறங்கும் அளவுக்குக் கூலன்ட்டை வடித்து, மூடிய பாத்திரத்தில் வையுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் பூனை நக்கினால் செத்துப்போகும். வராத ஹோஸை இழுத்துப் போராட வேண்டாம். ஹீட்டர் பக்கத்துக் குழாய் மெல்லியது, முறுக்கினால் பற்றவைப்பு விட்டுவிடும். கத்தியால் ஹோஸை நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். ஹெட்டில் ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைப் பொட்டு மிச்சமில்லாமல் சுரண்டிய பின்பே புது பேக்கிங்கும் வால்வும். நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பலத்தைக் காட்டினால் ஸ்டட் முறியும்.

கேபிளை மாட்டும்போது குமிழும் வால்வும் இரண்டுமே மூடிய நிலையில் இருக்க வேண்டும். பிறகு வால்வை முழுக்கத் திறந்துவைத்துக் கூலன்ட் ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை மூடி போடாமல் எஞ்சினை ஓட விடுங்கள். குமிழிகள் வெளியேற வெளியேற மட்டம் இறங்கும்; நிரப்பிக்கொண்டே வாருங்கள். ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு வண்டி ஆறியதும் மட்டத்தையும் வால்வின் அடிப்பக்கத்தையும் இன்னொரு முறை பாருங்கள். சில கசிவுகள் உலோகம் ஆறிச் சுருங்கும்போதுதான் வெளிப்படும்.