மேற்பார்வையாளர் இல்லாத மண்டபம்

பத்தாம் தரத்தில் குடியியற் கல்விப் பாடம். நமது அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரையை விளக்கிக் கொண்டிருந்தேன். கடமைகளை நிறைவேற்றுவதிலிருந்து உரிமைகளைப் பிரிக்க முடியாது என்கிறது அது. தெரிவுசெய்த தொழிலை மனச்சாட்சியோடு செய்தல், பொதுச் சொத்தைப் பாதுகாத்தல், பிறருடைய உரிமைகளை மதித்தல் என ஒவ்வொருவரின் கடமைகளையும் வரிசைப்படுத்துகிறது. அடுத்து வரும் 29ஆம் உறுப்புரையோ, இவற்றை எந்த நீதிமன்றத்தின் மூலமும் வலுவுறுத்த முடியாது என்கிறது.

ஒரு மாணவி எழுந்தாள். "அப்படியென்றால், செய்யாவிட்டால் என்ன நடக்கும் சேர்?"

நியாயமான கேள்வி. ஒவ்வொரு மனிதனுக்குப் பின்னாலும் ஒரு பொலிஸ்காரரை நிறுத்த முடியாது. நிறுத்தினால் அது சுதந்திர சமூகமாக இருக்காது. எனவே வெளியே காவல் குறையக் குறைய உள்ளே காவல் கூட வேண்டும். அந்த உட்காவலையே இஸ்லாம் தக்வா என்கிறது.

உமர் (ரழி) அவர்களின் காலத்துப் பால்காரப் பெண்ணின் சம்பவம் நாமெல்லாம் மத்ரஸாவில் கேட்டதுதான். பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயிடம், கலீபா பார்க்காவிட்டாலும் அல்லாஹ் பார்க்கிறான் என்றாள் மகள். ஆட்சியாளரின் சட்டம் எட்டாத அந்த வீட்டுக்குள் ஈமான் எட்டியது.

ஆனால் அந்த ஈமானைக் கட்டாயத்தால் உண்டாக்க முடியாது. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது ஸூரத்துல் பகராவின் 256ஆவது வசனம் தரும் போதனை. வற்புறுத்தல் நயவஞ்சகத்தையே வளர்க்கும். ஆகவே சுதந்திரத்துக்கு நம்பிக்கை தேவை. நம்பிக்கைக்கும் சுதந்திரம் தேவை.

இதை நாம் அனுபவத்திலும் கண்டோம். சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை 10ஆம் உறுப்புரை எந்த மட்டுப்பாடும் இன்றி உறுதிப்படுத்துகிறது. அது எழுத்தில் இருக்கும்போதே 2020இல் நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாளான குழந்தையும் அதற்குத் தப்பவில்லை. உயர் நீதிமன்றமும் மனுக்களை விசாரணைக்கு எடுக்கவில்லை. அந்த டிசம்பரில் பொரளை கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் முஸ்லிம் அல்லாத சகோதரர்களும் இருந்தார்கள். எந்தச் சட்டமும் அவர்களை அழைக்கவில்லை, மனச்சாட்சி அழைத்தது. 2021 பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது.

நமக்காக மற்றவர்களின் மனச்சாட்சி பேசியது. நமது மனச்சாட்சி எப்படி இருக்கிறது? பள்ளிவாசலில் முதல் ஸப்பில் நிற்கும் ஒருவர் சாதாரண தரப் பரீட்சைக் காலத்தில் என்னிடம் வந்து, "மண்டபத்தில் மகனைக் கொஞ்சம் பார்த்துக் கொள்ளுங்கள் சேர்" என்றார். அவர் கேட்டதன் பொருள் எனக்குப் புரிந்தது. அந்த உதவியால் பின்தள்ளப்படும் பிள்ளை வேறொரு ஏழையின் பிள்ளையாக இருக்கலாம் என்பது அவருக்குப் புரியவில்லை. மறுத்தேன். பல மாதங்கள் அவர் எனக்கு ஸலாம் சொல்லவில்லை.

அளவை நிறுவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கவே அல்குர்ஆனில் ஸூரத்துல் முதஃப்பிஃபீன் என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. தனக்கு நிறைவாகவும் பிறருக்குக் குறைவாகவும் அளப்பதே அங்கு குற்றம். நமது மத உரிமைக்குக் குரல் கொடுத்துவிட்டு, பக்கத்து ஊர் கோவிலுக்கோ பன்சலைக்கோ தேவாலயத்துக்கோ அநீதி நடக்கும்போது மௌனமாக இருப்பதும் அந்தக் குறை நிறுவைதான்.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "செய்யாவிட்டால் நீதிமன்றம் உன்னை அழைக்காது, மகள். ஆனால் நீ செய்யாத கடமைக்கான விலையை வேறொருவர் கொடுப்பார். அதற்கு நீ மறுமையில் பதில் சொல்ல வேண்டும்."