குரங்கணி காட்டுத்தீ, 2018

குரங்கணி காட்டுத்தீ என்பது தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையில் 2018 மார்ச் 11 அன்று ஏற்பட்ட தீவிபத்தாகும். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் இதில் சிக்கினர். உள்ளூர் மக்களும் வனத்துறையினரும் மீட்புப் பணியில் இறங்கினர். இந்திய விமானப்படையின் உலங்கு வானூர்திகளும் வரவழைக்கப்பட்டன. பின்னர் மருத்துவமனைகளில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தனர்.

தீ பரவும் விதம்

கோடையில் இம்மலைச் சரிவுகளில் உயரமாக வளர்ந்த புல் காய்ந்துவிடும். கீழே எரியும் தீயின் வெப்பம் மேலே உள்ள புல்லையும் உலர்த்திவிடுவதால், சமதளத்தைவிடச் சரிவில் தீ வேகமாக மேல்நோக்கி ஓடும். காற்றின் திசை மாறினால் தப்பும் வழியும் அடைபடும்.

தடுப்பு முறைகள்

புல்வெளித் தீயை மூண்டபின் அணைப்பது கடினம். அது பரவும் வழியை முன்னரே துண்டிப்பதே முதன்மையான முறை. இதற்காக வனத்துறை கோடைக்கு முன் புல், சருகுகளை அகற்றித் தீத்தடுப்புக் கோடுகளை அமைக்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம், செயற்கைக்கோள் காட்டும் வெப்பப் புள்ளிகளை எச்சரிக்கையாக அனுப்புகிறது. எனினும் இச்செயற்கைக்கோள்கள் ஓர் இடத்தை நாளில் சில முறையே கடக்கின்றன. அந்த இடைவெளியில் ஒரு சரிவு முழுவதும் எரிந்துவிடலாம். ஆகவே தீக்காலத்தில் மலைப்பாதைகளை மூடுவதும் தீ மேலாண்மையின் ஒரு பகுதியே. இவ்விபத்துக்குப் பின், 2018இலேயே, தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகளை வகுத்தது.