ரம்பையும் பொந்தியானாக்கும்

மலாய்த் திரையுலகில் பேய்ப்படம் என்னும் வகையை நிலைபெறச் செய்தது, மலாயா விடுதலை பெறுவதற்குச் சில திங்கள் முன்னர், 1957 ஏப்ரலில் வெளிவந்த ‘பொந்தியானாக்’. அதை இயக்கிய பி. என். ராவ் மலையாள நாட்டிற் பிறந்து, தமிழ்ப்படங்களிற் கைதேர்ந்து, பின்னர்ச் சிங்கப்பூர் வந்தவர். 1941-இல் வந்த ‘மதனகாமராஜன்’ அவர் இயக்கியதே. அதற்கு ஈராண்டு முன்னர் அவர் இயக்கிய ‘ரம்பையின் காதல்’ ஈண்டு ஆராயத்தக்கது.

மண்ணுலகின் அழகில் மயங்கிக் காலம் தாழ்த்திய ரம்பை, இந்திரன் சாபத்தாற் சிலையாகிறாள். பித்துக்கொள்ளி முத்தனுக்கு அச்சிலையையே தோழர்கள் விளையாட்டாக மணம் முடித்து வைக்கின்றனர். சாபம் சற்றே தளர, பகலிற் கல்லாகவும் இரவிற் பெண்ணாகவும் அவள் வாழ்கிறாள். முத்தனாக நடித்தவர் கே. சாரங்கபாணி. ஆகவே படம் நகைச்சுவையாகவே நினைக்கப்படுகிறது. நகையை நீக்கிப் பார்த்தாலோ, பொழுது விடிந்தாற் குளிர்ந்த கல்லாகிவிடும் மனைவியோடு குடித்தனம் நடத்தும் ஒருவனின் கதை அது. கேலிக்குச் செய்த திருமணம் மெய்யாகிவிடுவதில் உள்ள நடுக்கம் சிறிதன்று.

‘பொந்தியானாக்’கின் நாயகி சோமெல் கூனி, அருவருக்கத்தக்க தோற்றத்தாள். மருந்துண்டு பேரழகியாகிறாள். மனிதக் குருதியைச் சுவைக்கலாகாது என்பது கட்டளை. மணமான பின் கணவனைப் பாம்பு தீண்ட, அவள் நஞ்சை வாயால் உறிஞ்சுகிறாள், பேயாகிறாள். தீமை செய்து பேயானவள் அல்லள், கணவனைக் காத்துப் பேயானவள். மரியா மெனாடோ நடித்த இப்பாத்திரத்தின் வலிமை இங்கேதான் உள்ளது. இரவும் பகலும் இருவேறு உருவாய் வாழ்ந்த ரம்பையின் நிழல் இவள்மேல் விழுந்திருப்பதாகக் கருத இடமுண்டு.

பொந்தியானாக்கின் பிடரியில் ஆணி அறைந்தால் அவள் அழகிய பெண்ணாக அடங்குவாள், ஆணியைப் பிடுங்கினால் மீண்டும் பேயாவாள் என்பது மலாய் மக்கள் நம்பிக்கை. கடமற்றத்துக் கத்தனார் யட்சியின் தலையில் ஆணி அறைந்து பணிப்பெண்ணாக்கிய கேரளக் கதையும் இத்தகையதே. மலையாள நாட்டிற் பிறந்தவருக்கு மலாய்ப் பேய் அயலாளாகத் தோன்றியிராது.

தமிழருக்கும் அவள் அயலாள் அல்லள். ‘பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்’ எனப் பொருள்படும் மலாய்த் தொடரே ‘பொந்தியானாக்’ எனக் குறுகிற்று என்பர். சூலியாய் இறந்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் நாட்டும் வழக்கம் தமிழகத்துச் சிற்றூர்களில் உண்டு. வயிற்றுச் சுமையோடு போனவளுக்குப் பிறர் சுமையை இறக்கிவைக்க ஒரு கல்! பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தவர்கள் கல்லை விட்டுவந்தனர், அச்சத்தை விட்டுவரவில்லை. பிள்ளைப்பேறு உயிர்ப்போராட்டமாக இருந்த லயங்களில் இக்கதை வெறும் பொழுதுபோக்கன்று.

இப்படத்தை எடுத்த கேத்தே–கெரிஸ் நிறுவனத்தாருள் ஒருவரான ஹோ ஆ லோக், ஈப்போவிற் படக்காட்சித் தொழிலைத் தொடங்கி, மாட்டுவண்டியிற் கருவியை ஏற்றிச் சிற்றூர்தோறும் படம் காட்டியவர். வெள்ளைத் துணிக்கு முன்னால் தரையில் அமர்ந்து படம் பார்ப்போரின் மனம் அவருக்குத் தெரியும்.

தொடர்ந்து ‘டெண்டாம் பொந்தியானாக்’ 1957-லும், ‘சும்பா பொந்தியானாக்’ 1958-லும் ராவின் இயக்கத்திலேயே வந்தன. முன்னது பழி, பின்னது சாபம். இம்மூன்றில் இன்று எஞ்சியது ‘சும்பா’ ஒன்றே. மற்ற இரண்டின் சுருள்களை ஹோ ஆ லோக் ஈயக்குட்டை ஒன்றில் எறிந்துவிட்டார் என்றொரு செய்தி வழங்குகிறது.