கடதாசிக் கணக்கும் காலி வீதிக் கணக்கும்

ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்? மோட்டார்க் கார் வாங்க நினைப்பவர் விற்பவரிடத்து முதன்முதல் வினவுவது இதனையே. விற்பவரும் தயங்காது விடை பகர்வர். காரோடு வந்த விளக்கப் புத்தகத்தில் அவ்வெண் அச்சாகியிருக்கும். வாங்கியவர் இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்தபின் தமது கையாற் கணக்கிட்டு, புத்தகத்தில் உள்ளதிற் பாதியளவே கிடைக்கக் கண்டு திகைப்பர். பின்பு விற்றவர்மீது ஐயம், பழுதுபார்ப்பவர்மீது ஐயம், பெற்றோல் நிரப்பு நிலையத்தின் அளவுகருவிமீதும் ஐயம். இவ்வையங்களுட் சில நியாயமானவையாகவும் இருக்கலாம். ஆயினும் வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம் இவர்களுள் எவருமல்லர். அக்காரணத்தை விளக்குதலே எமது நோக்கம். தமிழ் கற்பிப்பார்க்கு இயந்திரத்திடையே என்ன வேலை என்று அன்பர்கள் கேட்பராயின், இங்கே சிக்கல் இயந்திரத்தில் இல்லை, ஓர் எண் எப்பொருளில் வழங்குகின்றது என்பதிலேயே உளது என்போம். சொல்லும் பொருளும் பற்றிய ஆராய்ச்சி எமக்குப் புறம்பானதன்று.

இஃது ஏதோ வசதி படைத்தோரின் பொழுதுபோக்குக் கணக்கென எண்ணற்க. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் ஒன்று 177 ரூபாவாக இருந்தது; அவ்வாண்டு யூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. கொழும்புப் பகுதிப் பாடசாலைகள் எரிபொருளின்மையால் மூடப்பட்டன. அதன்பின் கியூ.ஆர். அட்டை முறை வந்தது. காருக்கும் வானுக்கும் வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 என்று பங்கிடப்பட்டது. வெள்ளவத்தையினின்றும் இரத்மலானைக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஒன்று நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் ஓடுவதாகக் கொள்வோம். ஏட்டிலே லீற்றருக்கு 12 கிலோமீற்றர் என்றிருப்பின், 20 லீற்றர் 240 கிலோமீற்றருக்குப் போதும். ஐந்து நாளுக்கு வேண்டியது 200 கிலோமீற்றரே. ஆனால் வீதியிலே 8 கிலோமீற்றர்தான் ஓடுமாயின் 160 கிலோமீற்றரோடு கலம் வறண்டுவிடும். வெள்ளிக்கிழமை வான் வராது. இரண்டு எண்களுக்கிடையே உள்ள வேறுபாடு ஒரு பிள்ளையின் ஒரு நாட் படிப்பு ஆகின்ற விதம் இதுவே.

இனி, அந்த ஏட்டு எண் எவ்வாறு பிறக்கின்றது என்று காண்போம். நமது வீதிகளில் ஓடும் கார்களுட் பெரும்பாலானவை யப்பானிலிருந்து வந்தவை. அந்நாட்டிற் கார் வீதியில் ஓட்டி அளக்கப்படுவதில்லை. ஆய்வுகூடத்திலே, சுழலும் உருளைகளின்மீது சக்கரங்கள் பொருந்த நிறுத்தப்பட்டு, நின்ற இடத்திலேயே ஓட்டப்படுகின்றது. எத்தனையாவது வினாடியில் எவ்வளவு வேகம், எப்பொழுது நிறுத்தல், எப்பொழுது மீண்டும் புறப்படல் என்பன யாவும் முன்னரே விதிக்கப்பட்டவை. சாரதி திரையிற் காணும் கோட்டைப் பின்பற்றிச் செல்வதன்றி வேறொன்றும் செய்யலாகாது. வளியின் தடையும் வீதியின் உராய்வும் எவ்வளவு இருக்கும் என்பது வேறோரிடத்திற் காரை உருளவிட்டுக் கணிக்கப்பட்டு, அவ்வளவு தடை உருளைகளுக்கு ஊட்டப்படும். குளிரூட்டி இயங்காது. மழையில்லை, மேடு பள்ளமில்லை, குறுக்கே பாயும் முச்சக்கர வண்டியுமில்லை. புகைபோக்கியினின்றும் வெளிவரும் வாயுவைத் திரட்டி, அதிலுள்ள காபனின் அளவைக்கொண்டு எரிந்த எரிபொருள் எவ்வளவென்று கணக்கிடுவர்.

1991ஆம் ஆண்டு முதல் யப்பானில் வழங்கிய ‘10·15’ எனும் முறை 660 வினாடி நீளமானது; ஓடும் தூரம் 4.16 கிலோமீற்றர், மிகக் கூடிய வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். இயந்திரம் நன்கு சூடேறிய பின்னரே அளவை தொடங்கும். அதன்பின் வந்த ‘ஜே.சி.08’ முறை 1,204 வினாடியும் 8.17 கிலோமீற்றரும் கொண்டது. குளிர்ந்த இயந்திரத்தோடு புறப்படுதலையும் ஓரளவு சேர்த்துக்கொண்டது. 2011ஆம் ஆண்டு திசெம்பரில் வெளிவந்த தொயோட்டா அக்குவா என்னும் கலப்பியந்திரக் காரை எடுத்துக்கொள்வோம். கொழும்பிலே அதனைக் காணாத தெருவில்லை. பழைய 10·15 முறைப்படி அது லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடியது. புதிய ஜே.சி.08 முறைப்படி 35.4. காரில் ஓர் ஆணிதானும் மாற்றப்படவில்லை. மாறியது அளவுகோல் மட்டுமே. ஆகவே லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்பது, நீளம் அகலம் போலக் காரினுள்ளே நிலைத்திருக்கும் பண்பன்று. காரும் ஓட்டும் முறையும் கூடிய கூட்டத்திற் பிறக்கும் எண் அது.

காலி வீதிக்கு வருவோம். இரத்மலானையினின்று கல்கிசை, தெகிவளை, வெள்ளவத்தை வழியாகக் கோட்டைக்குச் செல்லும் காலைப் பொழுதை நினைத்துப் பார்க்க. கார் புறப்படுகின்றது, வேகங் கொள்கின்றது, நிற்கின்றது, மறுபடி புறப்படுகின்றது. ஆர்முடுகலுக்குச் செலவிட்ட சக்தி முழுவதும் அமர்முடுகலின்போது பிறேக்குகளில் வெப்பமாகி அழிந்துபோகின்றது. அது எவ்வளவென்பதை விஞ்ஞான மாணவர் ஐந்து நிமிடத்திற் கணித்துவிடலாம். ஆட்களோடு கூடி 1,200 கிலோகிராம் திணிவுள்ள கார் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்போது அதன் இயக்கசக்தி ஏறத்தாழ 74,000 யூல். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 320 இலட்சம் யூல் சக்தி அடங்கியுள்ளது. சாதாரண இயந்திரம் அதிற் காற்பங்கினைச் சக்கரத்திற்குச் சேர்ப்பதாகக் கொண்டால் 80 இலட்சம் யூல் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு முறை நின்று மீண்டும் அவ்வேகம் அடைவதற்கும் 9 மில்லிலீற்றர் பெற்றோல் செலவாகின்றது. இரண்டு தேநீர்க் கரண்டியளவுக்குச் சற்றுக் குறைவென்று வைத்துக்கொள்ளலாம். வழியில் நாற்பது முறை நிற்க நேர்ந்தால் ஒரு லீற்றரில் மூன்றிலொரு பங்குக்கு மேல், ஓர் அங்குலமேனும் முன்செல்லப் பயன்படாது பிறேக்குகளைச் சூடாக்குவதற்கே போய்விடும். வேகம் பாதியாயின் இச்சக்தி காற்பங்காகும். எனவே அடுத்த சந்தியிலே சிவப்பு விளக்கைக் கண்டும் விரைந்து பாய்ந்து சென்று நிற்கின்றவர், மெல்ல ஊர்ந்து செல்கின்றவரிலும் நான்கு மடங்கு இழக்கின்றார். இருவரும் ஒரே விளக்கின் கீழேதான் நிற்கின்றனர்.

ஓடாது நிற்கும்போதும் இயந்திரம் உண்ணும். சிறிய காரும் நின்ற நிலையில் மணிக்கு அரை லீற்றருக்குமேற் குடிக்கும். குளிரூட்டியும் சேர்ந்தால் இன்னும் கூடும். நமது வெயிலிற் குளிரூட்டியின்றிச் செல்வார் சிலரே. கலப்பியந்திரக் கார்கள் பிறேக்குச் சக்தியிற் பெரும்பங்கை மின்கலத்தில் மீட்டுச் சேமிப்பதாலும், நிற்கும்போது இயந்திரத்தை அணைப்பதாலும் நெரிசலில் நன்மை செய்கின்றன என்பது உண்மையே. எனினும் அவற்றின் குளிரூட்டியும் மின்கலத்திலிருந்தே சக்தி பெறுகின்றது. மின்கலம் இறங்கியதும் நின்ற இடத்திலேயே இயந்திரம் உறுமத் தொடங்கும். மேலும், வீட்டிலிருந்து கல்லூரி வாயில்வரை இரண்டு கிலோமீற்றர் மட்டும் ஓடுகின்ற கார், இயந்திரம் சூடேறுமுன்னரே பயணத்தை முடித்துவிடுகின்றது. குளிர்ந்த இயந்திரம் கூடுதலாக எரிபொருள் கேட்பது. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய வீதிகளிற் குறுந்தூரம் ஓடும் கார்களுக்கும் இதே கதிதான்.

நெடுஞ்சாலையிலோ வேறொரு தொல்லை. வளியின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுவது. 80 கிலோமீற்றரில் உள்ள தடையிலும் 100 கிலோமீற்றரில் ஒன்றரை மடங்குக்கு மேல் உண்டு. தெற்கு அதிவேகப் பாதையிலே 100 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றவர், ஜே.சி.08 முறை ஒருபோதும் எட்டாத வேகத்திற் செல்கின்றார். அதன் உச்சவேகம் 81.6 மட்டுமே.

இவையெல்லாம் ஏமாற்று வித்தைதானா என்று கேட்பாருமுளர். எமது கருத்திலே இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும். ஒரே விதிப்படி எல்லாக் கார்களையும் அளந்து ஒன்றோடொன்று ஒப்பிடுதல் நேர்மையான செயலே. யப்பானிய விளக்கப் புத்தகங்களும், காலநிலை, நெரிசல், ஓட்டும் முறை, குளிரூட்டி ஆகியவற்றால் உண்மை அளவு வேறுபடும் என்று சிறிய எழுத்தில் அறிவித்தே வருகின்றன. விதியின் இடைவெளிகளைத் தேடித் தேடிப் புகுதல் வேறு. ஐரோப்பாவிலே ஏட்டு எண்ணுக்கும் வீதி எண்ணுக்கும் இடையே 2001ஆம் ஆண்டில் நூற்றுக்கு 9 அளவாக இருந்த வேறுபாடு, 2015இல் 42 ஆக வளர்ந்ததெனத் தூய போக்குவரத்துக்கான சர்வதேச மன்றம் கண்டறிந்தது. அதே பதினான்கு ஆண்டிலே மக்கள் ஓட்டும் முறை அவ்வளவு கெட்டிருக்க இயலாது. ஆய்வுகூடத்திற்கென்றே காரைச் செப்பஞ் செய்தல் பெருகிற்று என்பதே பொருள். அங்கே 2017இல் விதி கடுமையாக்கப்பட்டது. 2021இற் பதிவான கார்களின் உட்பொருத்திய கருவிகளிலிருந்து ஐரோப்பிய ஆணைக்குழு திரட்டிய விவரப்படி, பெற்றோற் கார்களின் உண்மைச் செலவு ஏட்டிலும் நூற்றுக்கு 23.7 கூடியது, டீசற் கார்களுக்கு 18.1. இடைவெளி சுருங்கிற்று, ஒழியவில்லை. வெளிப்படையான பொய்யும் உண்டு. மிற்சுபிசி நிறுவனம் தனது சிறிய கார்களின் ஓட்டத் தடையைக் குறைத்துக் காட்டியதை 2016ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஒப்புக்கொண்டது. நிசான் பெயரில் விற்றவையும் உட்பட ஆறு இலட்சத்து இருபத்தையாயிரம் கார்கள் அவ்வாறு அளக்கப்பட்டவை.

யப்பானியக் கார்களின் பின்கண்ணாடியில் வட்டமான ஒட்டுத்தாளொன்றைக் கண்டிருப்பீர்கள். ‘+20%’ என்பதுபோல் எழுதப்பட்டிருக்கும் அதனை, இருபது வீதம் மிச்சம் என்று பொருள் கொள்வாருமுளர். அந்நாட்டரசு அவ்வெடைக் காருக்கு விதித்த நியமத்தை இக்கார் அவ்வளவால் விஞ்சியது என்பதே அதன் பொருள். யப்பானிய எழுத்து அறியாமையால் வந்த மயக்கம் இது.

மயக்கமின்றி அறியும் வழி மிகப் பழையது. கலம் நிரம்பப் பெற்றோல் அடைத்துத் தூரமானியின் எண்ணைக் குறித்துக்கொள்க. மறுமுறை, கூடுமாயின் அதே நிலையத்தில், நிரம்ப அடைத்து, சென்ற தூரத்தை அடைத்த லீற்றரால் வகுக்க. ஒரு முறை போதாது. மூன்று நான்கு முறை செய்து, மொத்தத் தூரத்தை மொத்த லீற்றரால் வகுத்தல் வேண்டும். இங்கே மாணவர் பலர் இடறும் ஓரிடமுண்டு. 100 கிலோமீற்றர் தூரத்தை லீற்றருக்கு 10 வீதமும், இன்னொரு 100 கிலோமீற்றரை 20 வீதமும் ஓடினால் சராசரி 15 என்பர். செலவானவை 10 லீற்றரும் 5 லீற்றருமாக 15 லீற்றர். 200 கிலோமீற்றரை 15ஆல் வகுத்தால் 13.3 தான். இவ்வாறே, லீற்றருக்கு 20 ஓடும் காரை 25 ஆக்குவதிலும், 10 ஓடும் காரை 12 ஆக்குவதே கூடிய மிச்சம் தருவது: ஆயிரம் கிலோமீற்றருக்கு முன்னையது 10 லீற்றரும் பின்னையது 16 லீற்றருக்கு மேலும் மிச்சம் பிடிக்கும். கலனுக்கு 40 மைல் ஓடிய ஒஸ்ரின் காரை இன்றும் நினைந்து பெருமூச்செறியும் மூத்த பழைய மாணவர், அது லீற்றருக்கு 14 கிலோமீற்றரே என்பதை மனங்கொள்க. அமெரிக்கக் கலன் சிறியதாகையால் அவர்களுடைய 40 மைல் 17 கிலோமீற்றராகும்.

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்புருவரியில் மீண்டும் தொடங்கியமையால், கடன் பெற்றுக் கார் வாங்க எண்ணும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் பலர். இப்போது வரும் யப்பானியக் கார்களின் ஏட்டிலே ‘டபிள்யூ.எல்.ரி.சி.’ என்னும் புதிய முறைப்படி நகரம், புறநகர், அதிவேகப் பாதை என மூன்று எண்கள் தனித்தனியே தரப்பட்டிருக்கும். கொழும்பில் வாழ்வார் நகருக்குரிய எண்ணையே நோக்குக. பழைய அக்குவா ஒன்றையும் புதிய அக்குவா ஒன்றையும் பக்கத்தே நிறுத்தி ஒப்பிடுவார் மேலும் ஒன்று காண்பர். 2011ஆம் ஆண்டுக் காருக்கு 35.4, 2021ஆம் ஆண்டில் வந்த புதிய அமைப்பின் மலிந்த வகைக்கு 35.8. பத்தாண்டில் அரைக் கிலோமீற்றர்தானா முன்னேற்றம் என்று எண்ணத் தோன்றும். முன்னையது ஜே.சி.08 கோலால் அளந்தது. பின்னையது கடினமான புதிய கோலால் அளந்தது.